அருங்காட்சியகத்தில் ஒரு கோடைக்காலம்: இரண்டு எண் பெற்ற ஒரு பொருள்

முந்திரிக்கொல்லை எழுதியது:

இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசி வாரம் தொடங்கி ஆறு வாரங்கள், நம் குமரி மாவட்டத்திலுள்ள சிறிய அருங்காட்சியகம் ஒன்றில் கோடைகாலப் பயிற்சி மாணவியாக இருந்தேன். எந்த அருங்காட்சியகம் என்று சொல்லப் போவதில்லை. கீழே குறையாகவும் சில வரிகள் வரும் என்பதால் பெயர் வேண்டாம். அடுத்த ஆண்டு போகலாமா என்று தனிச்செய்தியில் நான்கைந்து பேர் கேட்டிருந்தார்கள். தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அருங்காட்சியகம் என்றால் அதுவரை என் மனத்தில் இருந்தது பத்மநாபபுரம் அரண்மனைதான். பள்ளியில் படிக்கும்போது தக்கலைக்குப் பேருந்தில் அழைத்துச் சென்று, முகம் தெரியும் அளவுக்கு மின்னும் கறுப்புத் தரையையும், மருத்துவ குணமுள்ள மரங்களால் செய்த கட்டிலையும் காட்டியிருந்தார்கள். ஆகவே பயிற்சி என்றால் வருகிறவர்களிடம் அப்படிப்பட்ட பொருள்களின் கதையைச் சொல்லும் வேலை என்று எண்ணிக்கொண்டு, முதல் நாள் இஸ்திரி போட்ட சுடிதாரில் போய் நின்றேன். காப்பாட்சியர் அம்மா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "நாளைக்குப் பழைய துணி போட்டுட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த ஒன்பது நாட்களும் இருப்பறையில் தூசி எடுத்தேன். வீட்டில் செய்வதுபோல் துணியால் தட்டவோ ஈரத்துணியால் துடைக்கவோ கூடாது. மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாக வருடி, வாயில் வலைத்துணி கட்டிய தூசி உறிஞ்சியை நோக்கித் தள்ள வேண்டும். உதிர்ந்து விழும் மரச்சில்லோ வண்ணத் துணுக்கோ உறிஞ்சிக்குள் போய்விடாமல் அந்த வலைத்துணியில் தங்கும். அப்படித் தங்கியதை எறியவும் கூடாது. சிறிய உறையிலிட்டு, எந்தப் பொருளிலிருந்து விழுந்தது என்று எழுதி, அந்தப் பொருளின் அருகிலேயே வைக்க வேண்டும். இதைத் தவிர, காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் குறிப்பேட்டில் எழுதுவது என் பொறுப்பு. கடற்காற்று வீசும் இடம் என்பதால் நான் இருந்த நாட்களில் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. ஜூன் முதல் வாரத்தில் சாரல் தொடங்கிய பிறகு அந்தக் கட்டத்தில் எண்ணை எழுதவே கை கூசியது.

அதற்குப் பிறகுதான் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்து காட்டினார்கள். எல்லாரும் ரெஜிஸ்டர் என்று சொல்லும் அந்தத் தடித்த புத்தகத்தில் எண் விழாத வரை, கண்ணெதிரே இருந்தாலும் ஒரு பொருள் அருங்காட்சியகத்தின் பொருள் ஆகாது. வந்த நாள், கொடுத்தவர், வந்த வழி (அன்பளிப்பா, விலைக்கு வாங்கியதா, 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி ஆட்சியர் வழியாக வந்ததா), அளவு, நிலை, விவரம் என்று கட்டங்கள் உண்டு. அந்த எண்ணைப் பொருளின் மேல் எழுதுவதும் ஒரு கைவேலைதான். பார்வைக்குப் படாத ஓரத்தில் பாரலாய்டு பி-72 என்னும் பிசினை அசிட்டோனில் கரைத்து மெல்லிய பூச்சு கொடுத்து, அது காய்ந்ததும் இந்தியன் இங்கினால் எண்ணை எழுதி, அதற்கு மேல் இன்னொரு பூச்சு கொடுக்க வேண்டும். பின்னால் அழிக்க நேர்ந்தால் அசிட்டோன் தொட்ட பஞ்சில் எண் மட்டும் வந்துவிடும். பொருளில் மை இறங்கியிருக்காது. என் முதல் மூன்று எண்களை அப்படித்தான் அழித்து எழுதினார்கள்.

இனி என் தவறு. மே 18 உலக அருங்காட்சியக நாள். அதற்கு முந்தின நாள், காட்சிக்கு எடுத்து வைத்த பித்தளை விளக்கு ஒன்று பழுப்பேறி மங்கிக் கிடந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை என்றால் விளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுதான் என் வேலை. தேநீர் போடும் அறையில் புளியும் இருந்தது. யாரையும் கேட்காமல் விளக்கின் அடிப்பாகத்தில் ஓர் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்த்துவிட்டேன். அந்த இடம் மட்டும் புதிதாக வாங்கியதுபோல் மஞ்சளாக மின்னியது. நல்ல வேலை செய்துவிட்டதாக நானே காப்பாட்சியரை அழைத்துக் காட்டினேன். அவர் திட்டவில்லை. பராமரிப்புப் பதிவேட்டை எடுத்து என் முன் வைத்து, நடந்ததை எழுதச் சொன்னார். விளக்கின் எண், நாள், "அடிப்பாகத்தில் புளி கொண்டு தேய்க்கப்பட்டதால் மேற்படலம் நீங்கியுள்ளது, தேய்த்தவர் பயிற்சி மாணவி" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. இன்னும் நூறு ஆண்டு கழித்து அந்த விளக்கை எடுத்துப் பார்க்கிறவரும் அதைப் படிப்பார்.

கடைசியாக, இந்த இழையின் தலைப்புக்கு வருகிறேன். இருப்பறையின் மர அடுக்கில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான ஒரு கட்டை இருந்தது. ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை. தட்டைப் பக்கத்தின் நடுவில் மட்டும் எண்ணெய் குடித்ததுபோல் கறுத்து வழவழவென்று இருந்தது. ஒரு முனையில் சுற்றிலும் கயிறு அறுத்த தடம். பதிவேட்டில் "மரக் கைப்பிடி, பயன்பாடு அறியப்படவில்லை" என்று இருந்தது. கைபேசியில் படம் எடுக்க எனக்கு அனுமதி இல்லை என்பதால், அளவு குறித்து நோட்டில் வரைந்துகொண்டு கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டுக்குக் கொண்டு போனேன். என் பாட்டா (தாத்தா) நாற்பது வருடம் பனையேறியவர். நோட்டைக் கையில் வாங்கியதும், "மக்களே, இது கடிப்புல்லா. ஒத்தையா வரைஞ்சிருக்க? மத்தது எங்க?" என்றார்.

கடிப்பு என்பது பனையின் பாளையை நடுவில் கொடுத்து நசுக்கும் இரட்டைக் கட்டை. மற்றது எங்கே என்ற கேள்வி எனக்கு எழவே இல்லை என்பதுதான் உண்மை. மறுநாள் தேடினேன். வேறொரு அடுக்கில், நூற்றுக்கும் மேற்பட்ட எண்கள் தள்ளி, "மரத்துண்டு, உடைந்தது" என்ற விவரத்தோடு அதன் ஜோடி கிடந்தது. இரண்டையும் கட்டியிருந்த நார் என்றைக்கோ இற்றுப் போயிருக்க வேண்டும். தட்டைப் பக்கங்களை எதிரெதிரே வைத்தபோது இரண்டு கறுப்புத் தடங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தின. காப்பாட்சியர் அம்மா வெகுநேரம் பார்த்துவிட்டு, இரண்டு எண்களுக்கு எதிரேயும் பென்சிலால் "கடிப்பாக இருக்கலாம், ஒப்பிடுக" என்று எழுதினார். மையால் எழுதக் கூடாதா என்று கேட்டேன். பாட்டா நேரில் பார்க்கட்டும் என்றார்.

பழையாற்றங்கரை எழுதியது:

நான் இதே துறையில் வேறு மாவட்டங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தங்கையின் பதிவைப் படித்ததும் இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலாவது, அந்தப் பென்சில். காப்பாட்சியர் செய்தது முற்றிலும் சரி. பதிவேட்டில் மையால் எழுதியதை அடிக்கவோ திருத்தவோ வேண்டுமானால் கையொப்பமும் காரணமும் வேண்டும். இரண்டும் ஒரே பொருளின் பாகங்கள் என்று உறுதியானாலும் ஓர் எண்ணை நீக்கிவிடக் கூடாது. நீக்கினால் அடுத்த தணிக்கையில் ஒரு பொருள் காணாமல் போனதாகத்தான் கணக்கு வரும். இரண்டு எண்களையும் அப்படியே வைத்து, ஒவ்வொன்றின் எதிரிலும் மற்றதன் எண்ணைக் குறிப்பதே வழக்கம். பார்க்க அழகாக இராது, ஆனால் பத்து ஆண்டு கழித்து வருகிறவருக்கு நடந்தது புரியும்.

இரண்டாவது, புளி. புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தைக் கரைக்கிறது. வீட்டு விளக்குக்கு அது போதும். ஏனென்றால் அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் தேய்ப்போம். அருங்காட்சியகத்தில் அந்தப் படலமே பொருளுக்குப் போர்வை. அதை எடுத்துவிட்டால், நம் ஊர்க் காற்றில் கலந்திருக்கும் உப்பு செம்புள்ள உலோகத்தை நேரடியாகத் தொடும். குளோரைடும் செம்பும் சேர்ந்து உண்டாகும் உப்பு, ஈரமும் ஆக்சிஜனும் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாக மாறி, கூடவே அமிலத்தையும் வெளிவிடும். அந்த அமிலம் அடுத்த படலத்தைத் தின்னும். இதைத்தான் வெண்கல நோய் என்கிறோம். ஒருமுறை தொடங்கினால் உலர்வான இடத்தில் வைக்காத வரை நிற்காது. குழாய்த் தண்ணீரில் கழுவினால் இன்னும் மோசம், அதிலும் குளோரைடு உண்டு.

1851இல் தொடங்கிய சென்னை அரசு அருங்காட்சியகத்தில், 1930களிலேயே எஸ். பரமசிவன் என்ற வேதியியலாளர் வெண்கலங்களின் அரிப்பை மின்பகுப்பு முறையில் நீக்கும் வேலையைச் செய்திருக்கிறார். தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு அவ்வளவு பழைய வேர் இருக்கிறது. வரலாறு படிக்கும் மாணவி ஒருத்தி புளியில் தொடங்கி வேதியியலுக்கு வந்திருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அந்த விளக்கின் அடிப்பாகத்தில் பச்சைப் புள்ளி ஏதும் தோன்றுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

எல்லாம் நெகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் யாரும் கேட்காத கேள்வியை நான் கேட்டுவிடுகிறேன். ஆறு வாரத்துக்கு எவ்வளவு கொடுத்தார்கள்? ஒன்பது நாள் தூசி எடுப்பதற்கு வரலாறு படித்த பிள்ளை எதற்கு? ஆள் பற்றாக்குறையை மாணவர்களின் விடுமுறையை வைத்து ஈடுகட்டுவதற்குப் பயிற்சி என்று ஒரு பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். என் மகளும் வேறோர் இடத்தில் இப்படி ஒரு மாதம் போய்வந்தாள். காகிதங்களை நகலெடுத்துக் கொடுத்ததைத் தவிர அவள் கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை.

முந்திரிக்கொல்லை எழுதியது:

அண்ணா, கேட்டது நியாயமான கேள்வி. ஒன்றும் கொடுக்கவில்லை. பேருந்துக் கட்டணமும் மதியச் சாப்பாடும் என் கைக்காசு. இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்ததால், கணக்குப் பார்த்தால் என் அப்பாவுக்கு அது சின்னத் தொகையும் இல்லை. என் வகுப்பில் இன்னும் இரண்டு பேர் விண்ணப்பிக்க நினைத்து, விடுமுறையில் முந்திரி ஆலைக்கு வேலைக்குப் போனால் வீட்டுக்கு உதவும் என்று விட்டுவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி என்னைவிட நன்றாகப் படிப்பவள். இதை நினைக்கும்போது எனக்கும் உறுத்துகிறது. பயணப்படியாவது கொடுக்க வேண்டும் என்று பயிற்சி முடிந்ததும் எழுதிக் கொடுத்த அறிக்கையில் குறிப்பிட்டிருக்கிறேன். சான்றிதழும் இன்னும் கைக்கு வரவில்லை. கையெழுத்துப் போட வேண்டியவர் மாறிப்போனதால் மூன்று முறை நடந்தாயிற்று.

தூசி எடுப்பது பற்றி மட்டும் மறுத்துச் சொல்கிறேன். அந்த ஒன்பது நாளில் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, திருப்பி, அடிப்பக்கம் பார்த்து வைத்தேன். அப்படிப் பார்த்திராவிட்டால் அந்தக் கட்டையிலிருந்த கறுப்புத் தடமும் கயிற்றுத் தடமும் என் கண்ணில் பட்டிருக்காது. முதல் நாளிலேயே பதிவேட்டைக் கொடுத்திருந்தால், "மரக் கைப்பிடி" என்ற எழுத்தைத்தான் பார்த்திருப்பேன்.

தேரிக்காடு எழுதியது:

நான் உடன்குடிப் பக்கம். எங்கள் வீட்டிலும் மூன்று தலைமுறை பனைத்தொழில். நீங்கள் கடிப்பு என்று சொல்வதை எங்கள் ஊரில் இடுக்கி என்போம். அருங்காட்சியகத்தில் அதற்கு எழுதும் விவரச் சிட்டையில் ஒரே பெயரை எழுதிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் வந்தேன். குமரி மேற்கில் ஒரு பெயர், எங்கள் செம்மணல் தேரிப் பக்கம் ஒரு பெயர் என்றால் இரண்டையும் எழுதட்டும்; அதனால் சிட்டை ஒரு வரி நீளும், அவ்வளவுதானே. பதநீரையே உங்கள் ஊரில் அக்கானி என்கிறீர்கள்.

இந்தக் கருவி என்ன செய்கிறது என்பதும் தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். பனையின் பாளை வெளியே வந்ததும் அதை இந்த இரண்டு கட்டைகளுக்கும் நடுவில் கொடுத்து, நாள் தவறாமல் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். அடித்தால் பாளை செத்துப்போகும், தொடாமல் விட்டால் சொட்டாது. எவ்வளவு அழுத்துவது என்பது கைக்குத்தான் தெரியும். பிறகு பாளையின் நுனியைப் பாளை அரிவாளால் காகிதம்போல் மெல்லியதாகக் காலையும் மாலையும் சீவிவிட்டு, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் பொழுது ஏறும்போது கள். நீங்கள் பார்த்த கறுப்புத் தடம் எண்ணெயாக இருக்காது, பாளைச் சாறு ஊறி ஊறிக் கறுத்ததாக இருக்கும்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். ஆண்பனையை அலகுப்பனை என்றும் பெண்பனையைப் பருவப்பனை என்றும் சொல்வோம். இரண்டின் பாளையும் வேறு வேறு மாதிரி என்பதால் ஒரே இடுக்கி இரண்டுக்கும் உதவாது. அருங்காட்சியகத்தில் இருப்பது எதற்கானது? உங்கள் பாட்டாவிடம் கேட்டீர்களா?

முந்திரிக்கொல்லை எழுதியது:

கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பதே நீங்கள் சொல்லித்தான் தெரிகிறது. எண்ணெய் என்று நான் எழுதியது என் ஊகம்தான். அறிக்கையிலும் அப்படியே எழுதிவிட்டேன், திருத்தித் தருகிறேன்.

தோவாளைப்பூ எழுதியது:

இங்கே விவரம் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் குடும்ப வீட்டுப் பரணில் ஓர் ஓலைக்கட்டு இருக்கிறது. முதல் ஏட்டில் ௲௭௰௨ என்று எண் இருப்பதாகப் படிக்கத் தெரிந்த உறவினர் ஒருவர் சொன்னார். ஆயிரத்து எழுபத்திரண்டு என்றால் சோழர் காலம் என்று வீட்டில் ஒரே பரபரப்பு. விலைக்குக் கேட்டும் ஒருவர் வந்துவிட்டார். இதை அருங்காட்சியகத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா?

பழையாற்றங்கரை எழுதியது:

அம்மா, அது பெரும்பாலும் கொல்லம் ஆண்டாகத்தான் இருக்கும். நம் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேரும்வரை முதலில் திருவிதாங்கூரிலும், 1949க்குப் பின் திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தவை. ஆவணமெல்லாம் கொல்லம் ஆண்டில்தான் எழுதினார்கள். அந்த ஆண்டு ஆவணியில், அதாவது ஆகஸ்டு நடுவில், தொடங்கும். ஆவணி முதல் டிசம்பர் முடியும்வரை 824ஐக் கூட்ட வேண்டும், ஜனவரி பிறந்துவிட்டால் 825. ஆகவே உங்கள் ஓலை 1896 அல்லது 1897ஆம் ஆண்டினது. ஓலையில் மாதம் இருந்தால் எது என்று சொல்லிவிடலாம். அடுத்த ஏடுகளில் சக்கரம், பணம் என்ற பழைய நாணயங்களிலோ, கோட்டை என்ற நெல் அளவிலோ கணக்கு வருகிறதா பாருங்கள். நிலம் ஒற்றி வைத்த பத்திரமாகவோ பாட்டக் (குத்தகைக்) கணக்காகவோ இருக்க வாய்ப்பு அதிகம்.

சோழர் காலம் இல்லை என்று வருந்த வேண்டாம். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையைப் பாட்டுக்காக மட்டும் நினைக்கிறோம். அழகியபாண்டியபுரத்து முதலியார் வீட்டு ஓலைகளைத் தேடிப் படித்து நாஞ்சில்நாட்டு வரலாற்றுக்குச் சான்றாக்கியவரும் அவர்தான். அவையும் ஒரு வீட்டில் கட்டுக்கட்டாகக் கிடந்த ஓலைகளே.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது, ஓலைக்கட்டைப் பரணிலிருந்து இறக்கிச் சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். வெயிலில் காயவைக்க வேண்டாம், ஓலை முறியும். துணியோடு ஒரு வசம்புத் துண்டைப் போட்டு வைத்தால் பூச்சி அண்டாது. புல்தைலம் பூசுவது பிறகு, தெரிந்தவர் கையால். விலைக்குக் கேட்டவரை அனுப்பிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி பொதுவாக நூறு ஆண்டு கடந்தவை தொல்பொருள். சுவடிக்கும் ஆவணத்துக்கும் 75 ஆண்டே போதும். உரிமம் இல்லாமல் அவற்றை வணிகம் செய்ய முடியாது. அருங்காட்சியகத்தில் கொடுப்பதானால், யார் வீட்டு ஓலை, எந்த ஊர், யார் யார் கையில் இருந்தது என்பதை ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். ஓலைக்கட்டைவிட அந்தத் தாள்தான் பல நேரம் கிடைப்பதில்லை.

மார்த்தாண்டம் மாணவன் எழுதியது:

அக்கா, நான் இப்போது முதலாண்டு முடித்திருக்கிறேன். விண்ணப்பிப்பது எப்படி? ஆங்கிலம் சரளமாக வர வேண்டுமா? முன்னதாக எதைப் படித்துக்கொண்டு போக வேண்டும்?

முந்திரிக்கொல்லை எழுதியது:

துறைத்தலைவர் கையொப்பத்தோடு ஒரு பக்கக் கடிதம் எழுதி, பிப்ரவரியிலேயே காப்பாட்சியரை நேரில் பார்த்துக் கொடு தம்பி. மின்னஞ்சலுக்குப் பதில் வரும் என்று காத்திருந்து நான் ஒரு மாதத்தை இழந்தேன். பழைய பதிவேடுகள் ஆங்கிலத்தில் இருக்கின்றன, ஆனால் கதை எழுதும் ஆங்கிலம் இல்லை. நீளம், அகலம், எந்த மரம், உடைந்ததா என்ற அளவுதான். தமிழ் எண்கள், கொல்லம் ஆண்டுக் கணக்கு, திருவிதாங்கூர் நாணயக் கணக்கு மூன்றையும் தெரிந்துகொண்டு போனால் உன்னை மதிப்பார்கள். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். நான் இதை உள்ளே போன பிறகுதான் மனப்பாடம் செய்தேன்.

அந்தச் சக்கரக் காசு விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு காணாமல் போகும் அளவுக்குச் சின்னது. கையால் எண்ணுவது ஆகிற காரியமில்லை என்பதால் பணப்பலகை என்று ஒன்று வைத்திருந்தார்கள். பலகை முழுக்க வரிசை வரிசையாகக் காசளவுக் குழிகள். ஒரு பிடி காசை அள்ளிப் போட்டு ஆட்டினால் குழிக்கு ஒன்றாக விழும், மிச்சத்தை வழித்துத் தள்ளிவிட்டால் எத்தனை என்பது குழிக்கணக்கிலேயே தெரிந்துவிடும். உலக அருங்காட்சியக நாளுக்கு, அசலைத் தொடவிட முடியாது என்பதால், தடித்த அட்டையில் குழி வெட்டி, குன்றிமணி வாங்கி வைத்தேன். வந்த பிள்ளைகள் வேறெந்தக் காட்சிப்பேழையையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பையன் மூன்றாம் முறை ஆட்டும்போது அட்டை கிழிந்துவிட்டது. தச்சரிடம் சொல்லி மரத்தில் செய்திருக்க வேண்டும்.

பழைய துணி நான்கு எடுத்துக்கொள். பருத்திக் கையுறை அவர்களே தருவார்கள், ஆனால் உலோகத்துக்கு வேறு, ஓலைக்கு வேறு, கேட்டுவிட்டுப் போடு. எதையும் ஒரு கையால் தூக்காதே. புளி பக்கம் போகாதே.

கணக்குப்பிள்ளை எழுதியது:

கடிப்பு கதைக்கு நான் மறுபடியும் வருகிறேன், தங்கை தவறாக எண்ண வேண்டாம். அந்தக் கட்டைகள் வந்து சேர்ந்த காலத்தில் இந்த மாவட்டம் முழுக்கப் பனையேறிகள் இருந்திருப்பார்கள். இன்றைக்கும் இருக்கிறார்கள். வாசலுக்கு வெளியே போய் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் "பயன்பாடு அறியப்படவில்லை" என்று எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது. அரண்மனைக் கட்டிலில் எத்தனை வகை மரம் என்று கணக்குச் சொல்கிறோம்; பக்கத்துத் தோப்பில் ஒருவர் தினமும் கையில் பிடிக்கும் கருவிக்குப் பெயர் தெரியவில்லை. இது அறியாமை இல்லை, கேட்கத் தகுந்தவர் யார் என்பதில் இருந்த கணக்கு. பயிற்சி மாணவி ஒருத்தி தற்செயலாகப் பனையேறியின் பேத்தியாக இருந்ததால் இந்த ஒன்று தப்பித்தது. மற்றவை?

பழையாற்றங்கரை எழுதியது:

நண்பரே, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் பணியில் இருந்த காலத்தில் என் கையாலும் "பயன்பாடு அறியப்படவில்லை" என்று எழுதியிருக்கிறேன். ஒரே நாளில் பெட்டி பெட்டியாகப் பொருள் வந்து இறங்கும், அன்றைக்கே எண் போட்டாக வேண்டும். பிறகு பார்க்கலாம் என்று எழுதிய அந்தப் பிறகு வருவதற்குள் இடமாறுதல் வந்துவிடும். இது காரணம்தான், சமாதானம் இல்லை. அந்த வரி உள்ள பொருள்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, விடுமுறையில் வருகிற மாணவர்களிடம் கொடுத்து, ஊர் ஊராகப் போய்க் கேட்டு வரச் சொன்னால் நல்ல பயிற்சியாக இருக்கும். பேருந்துக் கட்டணத்தோடுதான் சொல்கிறேன்.

முந்திரிக்கொல்லை எழுதியது:

அந்தப் பட்டியலை நான் கடைசி வாரத்தில் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 43 பொருள்கள். காப்பாட்சியர் அம்மா அதைக் கோப்பில் வைத்திருக்கிறார்.

சென்ற சனிக்கிழமை பாட்டாவை ஆட்டோவில் அழைத்துக்கொண்டு போனேன். முழங்கால் வலியால் அவரால் படி ஏற முடியாது. அதனால் இரண்டு கட்டைகளையும் தட்டில் வைத்து வாசல் அறைக்குக் கொண்டுவந்தார்கள். கையுறை போடச் சொன்னபோது, "இதெப்பிடி கையில உறை மாட்டிக்கிட்டுப் பிடிக்கியது?" என்று சிரித்தார், ஆனாலும் போட்டுக்கொண்டார். தேரிக்காடு அண்ணாவின் கேள்வியைக் கேட்டேன். எடுத்துப் புரட்டிப் பார்த்து, அலகுக்கு உள்ளது என்றார். எப்படித் தெரியும் என்று காப்பாட்சியர் கேட்க, அவர் தம் இரண்டு கைகளையும் காற்றில் வைத்து, இல்லாத ஒரு பாளையை நசுக்கிக் காட்டினார். அவர் சொன்னதையும் கை போன விதத்தையும் நான் எழுதிக்கொண்டேன். படம் எடுக்கவும் இந்த முறை அனுமதித்தார்கள். அங்கேயே பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் மையால் இரண்டு பெயர்களும் ஏறின, கடிப்பு முதலில், இடுக்கி அடுத்ததாக. தகவல் தந்தவர் என்ற இடத்தில் பாட்டாவின் பெயர் இருக்கிறது.

நார் இல்லாமல் கிடப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. புது நார் கட்டித் தரட்டுமா என்று கேட்டார். அசலில் எதையும் சேர்க்கக் கூடாது என்று காப்பாட்சியர் பக்குவமாகச் சொன்னதும், சற்று யோசித்துவிட்டு, அப்படியானால் புதிதாக ஒரு ஜோடி செய்து தருகிறேன், பக்கத்தில் வையுங்கள் என்றார். அதற்கு ஒரே எண்தான் போட வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நல்ல கட்டை தேடி இரண்டு நாளாக மரக்கடை மரக்கடையாக என்னை அலைக்கழித்துக்கொண்டிருக்கிறார்.